அவதூறு வழக்கும் அடிப்படை வினாக்களும்



மொழிக்கென அமைந்த மேடையில் சட்டத்தைப் பற்றி என்ன பேச்சு என்னும் ஐயம் உங்களில் சிலருக்கு எழலாம். கொலை வழக்கில் கருவி ஒன்று நீதிமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. நில வழக்கில் எல்லைக் கல்லும் ஆவணமும் வைக்கப்படுகின்றன. அவதூறு வழக்கில் முன் வைக்கப்படுவது ஒரு சொற்றொடர். அதன் பொருள் என்ன, அது யாரைச் சுட்டுகிறது, அது மெய்யா என்பனவே அங்கு ஆராயப்படுகின்றன. ஆகவே, மொழி கற்பிப்போரும் கற்போரும் உரிமையோடு நுழையத்தக்க வழக்கு என ஒன்று உண்டாயின், அது அவதூறு வழக்கே ஆகும்.

இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் செய்தி ஒன்றே. அவதூறு வழக்கு தன் அடிப்படை வினாக்களை விட்டு விலகும்போது இரு தரப்பாருக்கும் நீதி தொலைவாகிறது. அவ்வினாக்களைப் பற்றி நிற்கும்போது வழக்காடுவோரின் மானமும் காக்கப்படுகிறது, உண்மையும் வெளிப்படுகிறது. இதனை இரண்டு புகழ்பெற்ற வழக்குகளைக் கொண்டும், நம் மொழியின் இயல்பைக் கொண்டும் விளக்க முற்படுகிறோம்.

சிலம்பில் எழுந்த ஒரே வினா

தமிழர் அனைவரும் அறிந்த வழக்கொன்றிலிருந்து தொடங்குவோம். பொற்கொல்லன் ஒருவன் கோவலனைக் கள்வன் என்றான். அச்சொல்லை ஆராயாமல் ஏற்றான் பாண்டியன். கோவலன் கொலையுண்டான். பின்னர் அரசவைக்கு வந்த கண்ணகி முன்வைத்திருக்கக்கூடிய செய்திகள் பல. தன் கணவனின் குடிப்பிறப்பைப் பேசியிருக்கலாம். புகாரில் அவன் வாழ்ந்த வாழ்வைப் பேசியிருக்கலாம். பொற்கொல்லனின் நடத்தையைக் கிளறியிருக்கலாம். அரசன் தரப்பினரும் மாதவியைச் சுட்டிக் கோவலனின் ஒழுக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியிருக்கலாம். அவற்றுள் எதுவும் அந்த அவையில் வழக்கின் முடிவைத் தாங்கி நிற்கவில்லை. சிலம்பின் உள்ளே இருப்பது என்ன என்னும் ஒரு வினாவே அதனைத் தாங்கி நின்றது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சிலம்பு உடைந்தது, வழக்கும் முடிந்தது.

இறந்தவர் பொருட்டு அவதூறு வழக்குத் தொடுக்க இன்றைய பொதுச்சட்டம் இடந்தருவதில்லை. எனவே கண்ணகியின் வழக்கை இன்றைய பொருளில் அவதூறு வழக்கு என நாம் கொள்ளவில்லை. ஆயினும், 'கள்வன்' என்னும் சொல் மெய்யா என்பதை எந்த வினா தீர்க்கும் எனக் கண்டறிந்து, அதனை மட்டும் கேட்ட தெளிவு எக்காலத்து நீதிமன்றத்திற்கும் பொருந்துவதாகும்.

சட்டம் கேட்கும் வினாக்கள்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமையியல் அவதூறு வழக்குகளுக்கு 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டங்களும், இங்கிலாந்திலிருந்து வழிவந்த பொதுச்சட்ட நெறிகளும் அடிப்படையாக உள்ளன. வழக்குத் தொடுக்கும் வாதி மூன்றினை மெய்ப்பிக்க வேண்டும். முதலாவது, அச்சொற்கள் அவரது மதிப்பைப் பிறர் கண்ணில் தாழ்த்துவன என்பது. இரண்டாவது, அவை அவரையே சுட்டுகின்றன என்பது. மூன்றாவது, அவை வேறொருவருக்கு வெளிப்படுத்தப்பட்டன என்பது. இம்மூன்றும் நிறுவப்பட்டபின் சுமை எதிர்வாதியின் தோளுக்கு மாறுகிறது. சொன்னது உண்மை என்றோ, பொதுநலன் சார்ந்த செய்தியின்மேல் தாம் கூறிய நேர்மையான கருத்து என்றோ, சட்டம் காப்பளிக்கும் சூழலில் சொன்னது என்றோ அவர் நிறுவ வேண்டும்.

பார்த்தால் எளிய பட்டியல்தான். நடைமுறையில் எவ்வாறு இது சிதறுகிறது என்பதைக் காண ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்குப் பொருளாளர் ஒருவர் இருக்கிறார். சங்கத்தின் புலனக் குழுவில் உறுப்பினர் ஒருவர் இவ்வாறு எழுதிவிடுகிறார்: "கட்டட நிதியை நம் பொருளாளர் ஏப்பம் விட்டுவிட்டாராம்." பொருளாளர் வழக்குத் தொடுக்கிறார்.

எழுதியவர் இப்போது தம்மைக் காத்துக்கொள்ளச் சான்றுகளைத் தேடுகிறார். பொருளாளர் மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. தம் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்திருக்கிறார். பத்து ஆண்டுகளுக்கு முன் கூட்டாளியோடு வணிகப் பிணக்கு ஒன்று இருந்தது. அண்டை வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லை. பொருளாளரும் சும்மா இருப்பதில்லை. எழுதியவர் சங்கத் தேர்தலில் தோற்றவர், சந்தா செலுத்தாதவர், பொறாமைக்காரர் என அடுக்குகிறார். இரு தரப்பிலும் சாட்சிகள் பெருகுகின்றனர். கட்டட நிதியின் கணக்கேடு மட்டும் மேசையின் ஓரத்தில் கிடக்கிறது.

இந்த வழக்கைத் தீர்க்கவல்லது அந்தக் கணக்கேடுதான். ஏனையவை சினத்தைத் தணிக்கலாம், வினாவைத் தீர்க்கா. 1882இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட ஸ்காட் எதிர் சாம்ப்சன் என்னும் வழக்கு இதற்கு ஒரு வரம்பு கட்டியது. வாதிக்கு ஊரில் உள்ள பொதுவான பெயர் எத்தகையது என்பதற்குச் சான்று காட்டலாம். அவர் வாழ்வில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த தனிச் செயல்களைத் தோண்டி எடுத்து அவரது மதிப்பைக் குறைக்கலாகாது என்பது அவ்வரம்பு. இதன் நியாயம் எளிது. ஒரு சொல்லுக்காக நீதி கேட்டு வந்தவர், தம் வாழ்நாள் முழுவதற்கும் விடை சொல்ல ஆயத்தமாக வரமுடியாது. அவ்வாறு கேட்பதாயின், பழிக்கப்பட்டவர் எவரும் நீதிமன்றத்தின் வாயிலை மிதிக்கவே அஞ்சுவர்.

பொருளை முதலில் உறுதி செய்தல்

இனி, அதே வாக்கியத்தை மொழி ஆசிரியரின் கண்கொண்டு பார்ப்போம். அவதூறு வழக்கு வழிதவறுவதற்குப் பெருங்காரணம், சொன்ன சொல்லின் பொருள் இன்னது என முடிவு செய்யாமலே அது மெய்யா பொய்யா என வாதிடத் தொடங்குவதாகும்.

'ஏப்பம் விட்டார்' என்பதற்கு உணவுண்டபின் எழும் ஒலி என்னும் பொருளை எந்தத் தமிழரும் இங்குக் கொள்ளமாட்டார். பொதுப் பணத்தை விழுங்கினார் என்பதே இயல்பான பொருள். இச்சொற்றொடர் நீதிமன்றத்திற்குச் செல்லும்போது மலாயிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்க்கப்படுகிறது. மூலச் சொற்களையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே முன்வைக்க வேண்டும் என்பது நெறி. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நகைப்புக்கிடமான ஒரு வாக்கியம் கிடைக்கும். பொருளை மட்டும் பெயர்த்தால் மூலத்தின் அளவைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ பழி சுமத்தப்படலாம். 'சுருட்டினார்', 'கைவைத்தார்', 'அமுக்கிவிட்டார்' என ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவிலான பழியைச் சுமக்கிறது. அந்த அளவை உணர்ந்து எடுத்துரைக்க மொழிப் பயிற்சி தேவை.

பழிச்சொல் எப்போதும் பழிச்சொல்லின் வடிவில் வருவதுமில்லை. 'நம் பொருளாளரைப்போல் கைசுத்தமானவர் உண்டா?' என ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்கிறார் எனக் கொள்வோம். அதனை நாம் வஞ்சப்புகழ்ச்சி என்று வகுப்பில் கற்பிக்கிறோம். சட்டம் அதனை உட்பொருள் என்னும் தலைப்பில் ஆராய்கிறது. வெளிப்படையாகப் புகழ்ந்த சொல்லும் அவதூறாகலாம் என்பதில் அணியிலக்கணமும் சட்டமும் உடன்படுகின்றன.

அடுத்து, வாக்கியத்தின் இறுதியில் உள்ள 'ஆம்' என்னும் சிற்றிடைச்சொல்லை நோக்குங்கள். 'விட்டுவிட்டாராம்' என்கையில், இது நான் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது என்று பேசுவோர் தம்மை விலக்கிக்கொள்கிறார். தமிழில் இது அழகிய வசதி. சட்டத்தின் முன் இந்த வசதி செல்லாது. ஒருவர் சொன்ன பழியைத் திருப்பிச் சொல்பவர் தாமே அதனைச் சொன்னவராகவே கருதப்படுவார் என்பது பொதுச்சட்டத்தின் உறுதியான நெறி. நீதிமன்ற, நாடாளுமன்ற நடவடிக்கைகளை நேர்மையாகச் செய்தியாக்குவோர்க்குத் தனிக்காப்பு உண்டு. புலனத்தில் அனுப்பி வைப்போர்க்கு அக்காப்பு இல்லை. ஆகவே 'மற்றவர்களும் இப்படித்தான் பேசினார்கள்' என்று காட்ட இருபது சாட்சிகளை அழைப்பது வீண் உழைப்பாகும். அவர்கள் பேசினார்களா என்பது வினாவன்று. நிதி களவாடப்பட்டதா என்பதே வினா.

பழியின் அளவையும் வகுத்துக்கொள்ள வேண்டும். 2002இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சேஸ் என்னும் செவிலியரின் வழக்கில் மூன்று படிகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஒருவர் குற்றம் செய்தார் என்பது முதற்படி. செய்தார் என ஐயுறுவதற்குத் தக்க காரணம் உண்டு என்பது இரண்டாம் படி. விசாரணை நடத்துவதற்குத் தக்க காரணம் உண்டு என்பது மூன்றாம் படி. நம் எடுத்துக்காட்டில், கணக்கில் ஐந்தாயிரம் ரிங்கிட்டுக்குப் பற்றுச்சீட்டு இல்லை என எதிர்வாதி காட்டுகிறார் எனக் கொள்வோம். அது மூன்றாம் படியைத் தாங்கும், இரண்டாம் படியைத் தாங்கவும் கூடும், முதற்படியைத் தாங்காது. எந்தப் படியை மெய்ப்பிக்க முனைகிறார் என்பதை எதிர்வாதி தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்னும் நடைமுறை 1986ஆம் ஆண்டு லூக்கஸ்-பாக்ஸ் வழக்கிலிருந்து இங்கிலாந்தில் நிலைபெற்றது. அதன் பயன் பெரிது. அளவு குறிக்கப்பட்டபின் தேவையற்ற சாட்சிகள் தாமே உதிர்ந்துவிடுவர்.

313 நாள் நீண்ட வழக்கு

வரம்பு கட்டப்படாத வழக்கு என்னவாகும் என்பதற்கு இங்கிலாந்தின் நீதி வரலாறு ஒரு பெரும் பாடத்தை வைத்திருக்கிறது. மெக்டோனால்ட்ஸ் உணவு நிறுவனம் ஹெலன் ஸ்டீல், டேவிட் மோரிஸ் என்னும் இருவர்மீது தொடுத்த வழக்கு அது.

இலண்டனில் இயங்கிய சிறிய குழுவொன்று ஆறு பக்கத் துண்டு வெளியீடு ஒன்றை 1980களின் பிற்பகுதியில் வழங்கிவந்தது. மழைக்காடுகளின் அழிவு, ஏழை நாடுகளின் பசி, உணவின் தீங்கு, சிறுவரை ஈர்க்கும் விளம்பரம், விலங்குகள் நடத்தப்படும் முறை, ஊழியரின் ஊதியம் என அந்த ஆறு பக்கங்களில் பல பழிகள் அடங்கியிருந்தன. 1990இல் நிறுவனம் ஐவர்மீது வழக்குத் தொடுத்தது. மூவர் மன்னிப்புக் கேட்டு விலகினர். எஞ்சிய இருவரில் ஸ்டீல் பகுதிநேர ஊழியர். மோரிஸ் வேலையிழந்த முன்னாள் அஞ்சல் பணியாளர், சிறுவன் ஒருவனைத் தனியே வளர்த்துவந்த தந்தை. அவதூறு வழக்குகளுக்கு அந்நாட்டில் அப்போது அரசின் சட்ட உதவி கிடையாது. அவ்வப்போது சில வழக்கறிஞர்கள் கட்டணமின்றித் துணைநின்றதைத் தவிர, இருவரும் பெரும்பாலும் தாமே வாதிட்டனர்.

விசாரணை 1994 ஜூன் 28ஆம் நாள் தொடங்கி 1996 டிசம்பர் 13ஆம் நாள் முடிந்தது. நீதிமன்றம் கூடிய நாள்கள் 313. வாய்மொழியாகச் சான்று அளித்தோர் 130 பேர். ஆவணங்கள் ஏறத்தாழ 40,000 பக்கம். நடவடிக்கைக் குறிப்புகள் ஏறத்தாழ 20,000 பக்கம். இங்கிலாந்தின் நீதி வரலாற்றிலேயே மிக நீண்ட விசாரணை என அது பெயர் பெற்றது. 1997 ஜூனில் நீதிபதி பெல் வழங்கிய தீர்ப்பு எழுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்டது.

தீர்ப்பின் முடிவைக் கேளுங்கள். வெளியீட்டின் பல பழிகள் மெய்ப்பிக்கப்படவில்லை. சில மெய்ப்பிக்கப்பட்டன: நிறுவனம் தன் விளம்பரங்களால் சிறுவர்களைப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதும், சில விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமைக்குப் பொறுப்பாகிறது என்பதும், குறைந்த ஊதியம் வழங்குகிறது என்பதும் அவற்றுள் அடங்கும். இழப்பீடு 60,000 பவுன் என விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 40,000 பவுனாகக் குறைந்தது. பின்னர் 2005இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சட்ட உதவியின்றி இருவரும் இவ்வளவு பெரிய வழக்கை எதிர்கொள்ள நேர்ந்தது நேர்மையான விசாரணைக்கான உரிமையையும் கருத்துரிமையையும் மீறியது எனத் தீர்ப்பளித்தது.

இதில் குற்றம் யாருடையது? இருவரும் பேச்சை வளர்த்தனர் என ஒருதலையாகச் சொல்லிவிட இயலாது. தம்மீது சுமத்தப்பட்ட ஒவ்வொரு கூற்றையும் மெய்ப்பிக்கும் சுமை அவர்கள் தோளில் இருந்தது. ஒன்றைக் கைவிட்டாலும் அதற்கு இழப்பீடு தர நேரும். அந்தச் சுமையின் பரப்பை வகுக்கும் வாய்ப்பு முதன்முதலில் வாதியின் கையில்தான் இருந்தது. மிகக் கொடிய பழி ஒன்றையோ இரண்டையோ தேர்ந்து வழக்குத் தொடுத்திருந்தால் விசாரணை எவ்வளவோ சுருங்கியிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டதால், உலக உணவு, வேளாண்மை, மருத்துவம், தொழிலாளர் நலன் அனைத்தும் ஒரே அறையில் ஆராயப்பட்டன. சிலரே படித்திருக்கக்கூடிய துண்டு வெளியீட்டை உலகம் முழுதும் பேசும்படி செய்ததும் அவ்வழக்கே.

மாணவர்களே, இங்கு இழந்தவை என்ன என எண்ணிப் பாருங்கள். வழக்கு எழுந்து தீர்ப்பு வரும்வரை ஏறத்தாழ ஏழாண்டு. ஓர் ஏழையின் ஏழாண்டும் ஒரு பெருநிறுவனத்தின் ஏழாண்டும் ஒன்றல்ல. நீளும் வழக்கில் செல்வமுடையவர் காத்திருக்கலாம். அவரோடு வழக்காடும் எளியவர் தம் வாழ்வையே அதற்குத் தர நேர்கிறது. வழக்கைச் சுருக்குவது நீதிபதியின் வசதிக்காக என்று எவரேனும் சொன்னால், இந்த இருவரையும் நினைவுகூருங்கள்.

32 நாளில் முடிந்த வழக்கு

இரண்டாம் வழக்கு இதற்கு நேர்மாறானது. இதில் எழுந்திருக்கக்கூடிய வினாக்களோ முன்னதைவிடப் பன்மடங்கு பெரியவை.

அமெரிக்கப் பேராசிரியை டெபோரா லிப்ஸ்டாட் 1993இல் வெளியிட்ட நூலில், யூதப் பேரழிவை மறுப்போரைப் பற்றி எழுதுகையில், பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங் சான்றுகளைத் திரிப்பவர் என்றார். இர்விங் 1996இல் அவர்மீதும் பெங்குவின் பதிப்பகத்தின்மீதும் இலண்டனில் வழக்குத் தொடுத்தார். வழக்கு 2000 ஜனவரியில் நீதிபதி கிரே முன் விசாரணைக்கு வந்தது. ஹிட்லரின் ஆட்சியில் ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட வரலாறு முழுவதுமே நீதிமன்றத்தில் மறுவிசாரணைக்கு உள்ளாகிவிடுமோ என உலகம் அஞ்சியது.

எதிர்வாதித் தரப்பு ஒரு கடினமான முடிவை எடுத்தது. வதைமுகாம்களிலிருந்து உயிர் மீண்டோரைச் சாட்சிகளாக அழைப்பதில்லை என்பதே அம்முடிவு. அவர்களுள் பலர் தம் துயரை அவையில் சொல்ல விழைந்தனர். அவர்களை மறுத்தது இரக்கமின்மைபோல் தோன்றலாம். ஆயினும் காரணம் ஆழமானது. பேரழிவு நடந்ததா என்பது அவ்வழக்கின் வினாவன்று. இர்விங் தம் கையிலிருந்த சான்றுகளை வேண்டுமென்றே திரித்தாரா என்பதே வினா. முதியோரைக் கூண்டில் ஏற்றினால், தாமே வாதிட்ட இர்விங் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்வார். அவர்களின் நினைவில் உள்ள சிறு பிழைகளைப் பெரிதாக்குவார். நூலின் ஆசிரியரான லிப்ஸ்டாட்டும் கூண்டேறவில்லை. அவர் எழுதியதன் மெய்ம்மையை இர்விங்கின் நூல்களும் மூல ஆவணங்களுமே காட்டின.

வரலாற்றறிஞர் ரிச்சர்ட் எவன்ஸ் தலைமையில் அடிக்குறிப்பு ஒவ்வொன்றும் மூலத்தோடு ஒப்பிடப்பட்டது. இரண்டு சான்றுகளை மட்டும் மொழி மாணவர்களுக்காக எடுத்துக்காட்டுகிறோம். 1941 நவம்பர் 30ஆம் நாள் ஹிம்லர் தம் தொலைபேசிக் குறிப்பில், பெர்லினிலிருந்து சென்ற யூதர் தொடர்வண்டி ஒன்றைக் குறித்து, கொலை வேண்டா எனப் பொருள்படும் குறிப்பை எழுதியிருந்தார். மூலத்தில் இருந்தது ஒருமை, ஒரு தொடர்வண்டி. இர்விங் தம் நூலில் அதனை யூதர் அனைவரையும் கொல்லலாகாது என்னும் பொது ஆணைக்குச் சான்றாகக் காட்டியிருந்தார். மறுநாள் குறிப்பில், எஸ்.எஸ். அமைப்பின் நிருவாக அலுவலர்கள் தங்கியிருத்தல் வேண்டும் என்பது செய்தி. அதிலிருந்த ஜெர்மன் துணைவினை ஒன்றை 'யூதர்கள்' எனப் படித்து, யூதர்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என இர்விங் எழுதினார். ஒருமைக்கும் பன்மைக்கும் உள்ள வேறுபாடு, வினைச்சொல்லுக்கும் பெயர்ச்சொல்லுக்கும் உள்ள வேறுபாடு, இவைபோன்றவற்றின்மேல் அந்த மாபெரும் வழக்கு நடந்தது.

நீதிபதி கிரேயும் எல்லையைத் தெளிவாக வரைந்தார். நாசி ஆட்சியில் என்ன நடந்தது என வரலாறு எழுதுவது தம் பணியன்று. இர்விங் சான்றுகளைக் கையாண்ட முறையை மதிப்பிடுவதே தம் பணி என்றார். விசாரணை 32 நாளில் முடிந்தது. 2000 ஏப்ரல் 11ஆம் நாள் லிப்ஸ்டாட்டுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. நூலில் லிப்ஸ்டாட் எழுதியவற்றுள் சில மெய்ப்பிக்கப்படவில்லை. இர்விங் தம் மேசைக்கு மேல் ஹிட்லர் வரைந்த படத்தை மாட்டியிருந்தார் என்பது அவற்றுள் ஒன்று. ஆயினும், முதன்மையான பழி மெய்யாகிவிட்டபின், எஞ்சிய சிறு பழிகள் அவரது மதிப்புக்குப் பெரிதும் ஊறு செய்யாவிடின் எதிர்வாதம் தோற்காது என அப்போது நடைமுறையில் இருந்த அந்நாட்டின் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்லியது. அதே நெறி மலேசியச் சட்டத்திலும் சிங்கப்பூர்ச் சட்டத்திலும் 8ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. சாரம் எது, உதிரி எது எனப் பிரித்தறியும் கடமையைச் சட்டமே நமக்கு விதித்திருக்கிறது என்பதற்கு இது சான்று.

மெக்டோனால்ட்ஸ் வழக்கில் நிறுவனத்தின் சார்பில் வாதிட்ட ரிச்சர்ட் ராம்ப்டன் என்பவரே இவ்வழக்கில் லிப்ஸ்டாட் தரப்புக்காக வாதிட்டார். இரு வழக்கிலும் வாதிட்டவர் ஒருவரே. ஒன்று 313 நாள், மற்றொன்று 32 நாள். வழக்கறிஞரின் திறமையைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க முடியாது. வினாக்கள் தொடக்கத்தில் எவ்வாறு வகுக்கப்பட்டன என்பதிலிருந்தே அதனை விளக்க வேண்டும்.

சுருக்குதலிலும் இடர் உண்டு

இங்கு ஒரு மறுப்புக்கு விடை சொல்லுதல் நம் கடன். வழக்கைக் குறுக்கும் அதிகாரம் அளவு மீறினால், எளியவர் சொல்ல வந்த உண்மையின் பின்னணியே வெட்டப்பட்டுவிடாதா? ஆம், அந்த இடர் உண்டு. ஒரு சொற்றொடரை அது நின்ற கட்டுரையிலிருந்து பிடுங்கியெடுத்தால் பொருள் மாறும். சூழலை விலக்கி எந்தச் சொல்லுக்கும் பொருள் காண இயலாது. ஆகவே நீதிமன்றங்கள் கட்டுரை முழுவதையும் இயல்பான வாசகர் ஒருவர் படிப்பதைப்போல் படித்துப் பொருள் காண்கின்றன. பழியோடு நேரே பிணைந்த பின்னணியை அவை ஏற்கவும் செய்கின்றன.

சுருக்குவதற்கும் நறுக்குவதற்கும் வேறுபாடு அறிய ஓர் உரைகல் உண்டு. இந்தச் சான்று முழுமையாக மெய்யென்றே வைத்துக்கொண்டால், வழக்கின் வினாக்களுள் எதன் விடை மாறும் என்று கேட்க வேண்டும். ஏதேனும் ஒரு விடை மாறுமெனில் அச்சான்று உள்ளே வரட்டும்; அதற்கு எத்தனை நாள் ஆயினும் ஆகட்டும். எதுவும் மாறாதெனில் அது வெளியே நிற்கட்டும். பொருளாளரின் மணவாழ்க்கை இந்த உரைகல்லில் தேறாது. வங்கியின் கணக்கறிக்கை தேறும்.

சில வேளைகளில் வழக்கே தேறாமல் போவதுண்டு. 2005இல் இங்கிலாந்தில் சவூதி வணிகர் ஒருவர் டவ் ஜோன்ஸ் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், குறித்த இணையப் பகுதியை அந்நாட்டில் பார்த்தவர் ஐவர் என்பதும், அவர்களுள் மூவர் வாதியின் தரப்பினர் என்பதும் வெளிப்பட்டன. இத்துணைச் சிறு பாதிப்புக்காக இத்துணைப் பெரிய விசாரணை முறையாகாது எனக் கருதி நீதிமன்றம் வழக்கை நிறுத்தியது. மதிப்புக்குக் கடுமையான ஊறு நேர்ந்திருக்க வேண்டும் என்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதற்பிரிவாகவே இங்கிலாந்து பின்னர் அமைத்துக்கொண்டது.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

ஆசிரியப் பெருமக்களே, இவை அனைத்தும் நீதிமன்றத்தோடு நின்றுவிடுவன அல்ல. நம் பட்டிமன்றங்களை எண்ணிப் பாருங்கள். தலைப்பை விட்டு விலகி ஒரு துணுக்கைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கிறது. தலைப்பின்மேல் நின்று ஒரு சான்றைச் சொன்னால் அமைதி கிடைக்கிறது. கைதட்டலை வேண்டி வளரும் மாணவன், நாளை ஒரு பிணக்கில் சிக்கும்போதும் அவ்வாறே பேசுவான். எதிரியின் கூற்றை விடுத்து எதிரியைப் பற்றிப் பேசுவான்.

இதற்கு மாற்றாக ஒரு பயிற்சியை நாம் முன்மொழிகிறோம். நாளிதழ்ச் செய்தி ஒன்றையோ புலனத்தில் வந்த குறிப்பு ஒன்றையோ, பெயர்களை நீக்கி, மாணவர் முன் வையுங்கள். நான்கு வினாக்களுக்கு விடை எழுதச் செய்யுங்கள். இவ்வாக்கியத்தை இயல்பாகப் படிப்பவர் கொள்ளும் பொருள் என்ன? யாரைச் சுட்டுகிறது? இது நிகழ்வைச் சொல்லும் கூற்றா, எழுதியவரின் கருத்தா? இதனை மெய்ப்பிக்க எந்த ஒரு சான்று போதும்? நான்காம் வினாவுக்கு விடை எழுதுவதற்குள் மாணவர்கள் பல முறை அடித்துத் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தில்தான் சொல்லின் பொறுப்பை அவர்கள் கற்கின்றனர்.

மாணவச் செல்வங்களே, உங்கள் கைப்பேசியிலிருந்து ஒரு குறிப்பை முன்னனுப்பும்போது, அதன் இறுதியில் ஓர் 'ஆம்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதனை நீக்கிவிட்டு உங்கள் பெயரோடு மீண்டும் படியுங்கள். அப்போதும் அதனை அனுப்ப உங்களால் இயலுமாயின், கணக்கேடு உங்கள் கையில் இருக்கிறது என்று பொருள். இல்லையெனில், அழித்துவிடுங்கள்.